எண்ணெய் வைக்காத வருடம்

அத்தை போன செய்தி வந்ததிலிருந்து நம் பள்ளிக்கூட வாட்ஸப் குழு ஓயவில்லை. ஒருத்தி எங்கிருந்தோ அவள் ஓடுகிற பழைய போட்டோவைத் தேடி எடுத்துப் போட்டிருக்கிறாள். இன்னொருத்தி, நாம் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது அத்தை வந்து பேசிய அன்று தாவணித் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்ததற்கு இத்தனை வருடம் கழித்து மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். மூன்று பேர், அன்று கேட்ட பேச்சால்தான் இன்று உயிரோடு இருக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

"நீ மட்டும் ஏன்டி வாயைத் திறக்கல?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். திறக்கிறேன். எங்கள் அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய் வந்ததையும், அது தாமதமாகத் தெரிந்ததையும் அத்தை போகிற மேடையெல்லாம் சொன்னாள். நீங்களும் கேட்டீர்கள். அந்தக் கதையில் ஒரு ஆளை அத்தை விட்டுவிட்டாள். அந்த ஆளைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு எதையும் நேராகச் சொல்லிப் பழக்கமில்லை என்பது உங்களுக்குத் தெரியாததா? சுற்றி வளைத்துத்தான் வருவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அத்தை என் அப்பாவின் தங்கை. ரயில்வேயில் ஓட்டக்காரியாக எடுக்கப்பட்டு, பொன்மலையில் ஆபீஸ் வேலையும் மைதானத்தில் ஓட்டமுமாக இருந்தவள். எண்ணூறு மீட்டர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. முப்பது வயது நிறையும் முன்பே அவளுக்கு மார்பில் கட்டி வந்து, மெட்ராசில் ஒரு பக்கம் எடுத்துவிட்டார்கள். உடம்பு தேறும்வரை ஸ்ரீரங்கத்தில் எங்களோடு இருக்கட்டும் என்று அப்பா கூட்டிக்கொண்டு வந்தார். அப்போது எனக்குப் பத்து வயது.

மாசி மாதத்து விடியற்காலை. கொள்ளிடம் பக்கமிருந்து வந்த பனி தெருவில் இடுப்பளவுக்கு நின்றது. ஸ்டேஷனிலிருந்து வந்த குதிரை வண்டியில் குதிரையின் கால்கள் தெரியவில்லை. தலையும் முதுகும் மட்டும் மிதந்து வந்தன. அத்தை புடவைக்கு மேல் மெரூன் நிற டிராக் சூட் சட்டையை மாட்டியிருந்தாள். இறங்கும்போது ஒரு கையை மட்டும் நீட்டினாள். மற்றொரு கை விலாவோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் பெட்டியில் டெட்டால் வாசனை அடித்தது. அடியில் ஆணி வைத்த ஓட்ட ஷூ ஒரு ஜோடி, செய்தித்தாளில் சுற்றிக் கிடந்தது. அந்த ஆணிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் என் விரல் நுனியெல்லாம் துரு நிறம் ஆனது. அந்த ஷூ பிறகு எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது.

ஊருக்கு நாங்கள் சொன்னது வயிற்றில் கட்டி என்று. அப்பா அப்படித்தான் சொல்லச் சொன்னார். பத்து நாள்தான் அந்தப் பொய் நின்றது. எதிர்வீட்டு மாமி வாசலில் நின்று, "வயிறு இப்போ எப்படி இருக்கு? ஏதாவது சாப்பிட முடியறதா?" என்று கேட்டாள்.

"வயிறு நல்லா இருக்கு மாமி. எடுத்தது மார்ல" என்றாள் அத்தை.

மாமி கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பா அன்று மத்தியானம் சாப்பிடாமலே காந்தி மார்க்கெட்டுக்குக் கிளம்பினார். அங்கே அவருக்கு வாழைக்காய் மண்டி. கோபம் வந்தால் தார்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொள்வது அவர் வழக்கம்.

ஆபரேஷன் செய்த பக்கத்துக் கை அத்தைக்குத் தோளுக்கு மேல் எழும்பவில்லை. அதற்குத் தினமும் ஒரு பயிற்சி. கூடத்துச் சுவரோடு ஒட்டி நின்று விரல்களை எறும்பு மாதிரி மேலே மேலே நகர்த்துவாள். நெற்றியில் வேர்வை துளிர்க்கும். இதற்கு மேல் முடியாது என்ற இடத்தில் "போடு" என்பாள். நான் ஸ்டூலில் ஏறிச் சாக்பீஸால் கோடு போடுவேன். சில நாள் நேற்றைய கோட்டுக்குக் கீழேயே நின்றுவிடும். அதற்கும் கோடு போட வேண்டும். "கீழ இருக்கிற கோட்டை அழிச்சிட்டா அப்புறம் எதைப் பார்த்து ஏறுறது?" என்பாள். மத்தியானத்தில் அவள் தூங்கும்போது அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நானும் பக்கத்தில் படுத்துக் கிடப்பேன். வெள்ளைக் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏணிபோல மேலே போகும். கண் சொக்கும்போது அவை மெல்ல அசைகிற மாதிரி இருக்கும்.

அம்மாவுக்கும் அத்தைக்கும் நல்ல சிநேகம். ரவிக்கைக்குள் பஞ்சு மட்டும் வைத்தால் கனமில்லாமல் மேலே ஏறிவிடுகிறது என்று அத்தை சலித்துக்கொண்டபோது, அம்மா மல் துணியில் ஒரு சின்னப் பை தைத்து, கேழ்வரகு நிரப்பி, கையில் தூக்கித் தூக்கிக் கனம் பார்த்துக் கொடுத்தாள். ஒரு நாள் காவிரிக்கரை அம்மா மண்டபம் படித்துறையில் அத்தை கால் வழுக்கி உட்கார்ந்ததில் அந்தப் பை நனைந்துவிட்டது. கழற்றி ஒரு கூடையில் போட்டதை மறந்துவிட்டாள். மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தால் துணியெல்லாம் வெள்ளை வெள்ளையாக முளை.

"அண்ணி, இங்க வந்து பாருங்க, எனக்கு வெள்ளாமை வந்துடுச்சு!"

இரண்டு பேரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். அம்மா மூக்கைச் சிந்திச் சிந்திச் சிரித்தாள். மறுபடி பை தைத்தபோது கேழ்வரகை வாணலியில் நன்றாக வறுத்துத்தான் நிரப்பினாள். அந்த வறுத்த வாசனையோடுதான் அத்தை கொஞ்ச நாள் நடமாடினாள்.

உடம்பில் கொஞ்சம் தெம்பு வந்ததும் அத்தை தெருப் பெண்களிடம் பேச ஆரம்பித்தாள். தன் கட்டியை ஒன்றரை வருடம் தசைப்பிடிப்பு என்று நினைத்துக்கொண்டு ஓடினாளாம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் போயிருப்பாளாம். "மாசத்துக்கு ஒரு தடவை கதவைச் சாத்திக்கிட்டு, மூணு விரலால தடவிப் பாருங்க. எல்லாக் கட்டியும் கெட்ட கட்டி இல்ல. ஆனா கையில பட்டா உடனே டாக்டர்கிட்ட காட்டிடணும்" என்பாள். குழாயடியில் அவள் வருவதைப் பார்த்தாலே பாதிக் குடம் நிரம்பியதும் போதுமென்று நகர்ந்தார்கள்.

வழி சொன்னது அம்மாதான். முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொன்னாள்.

"கதவைச் சாத்திக்கிட்டுன்னா எவம்மா சாத்துவா? சாத்துனா மாமியார் வந்து தட்டுவா. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிறப்பதான் பொம்பளைங்களை அரை மணி நேரம் யாரும் கூப்பிட மாட்டாங்க. கையில எண்ணெய் இருக்கும். உடம்புல துணி இருக்காது. அதோட சேர்த்துச் சொல்லிப் பாரு."

அத்தை அம்மாவை ஒரு கையால் சேர்த்து அணைத்துக்கொண்டாள். கீரை முழுக்க மடியிலிருந்து கொட்டியது.

அப்படித்தான் அந்த ஏற்பாடு வந்தது. ஒவ்வொரு மாதமும் வீட்டுக்கு விலக்காகித் தலைக்குக் குளித்த பிறகு வருகிற முதல் வெள்ளிக்கிழமை, எண்ணெய் முழுக்கோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டியது. தினம் கோச்சிடம் உத்தரவு வாங்கியே வளர்ந்தவள் அத்தை. அவளும் உத்தரவாகத்தான் சொன்னாள். "எண்ணெய்க் கையாத்தான் பார்க்கணும். வழுக்கிக்கிட்டுப் போனாத்தான் உள்ள இருக்கிறது தெரியும். வறண்ட கை பொய் சொல்லும்."

எதிர்வீட்டு மாமி மட்டும் மசியவில்லை. ஒரு நாள் அத்தையை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "ஏண்டிம்மா, திவ்யதேசத்துல தெருவுல நின்னுண்டு மார் மார்னு பேசறயே! பெருமாள் காதுல விழுந்தா என்ன நினைச்சுப்பார்?"

"பெருமாளோட மார்லதானே மாமி தாயார் இருக்காங்க. அவருக்குத் தெரியாத மாரா?"

மாமி வாயைத் திறந்தவள் மூடவில்லை. பிறகு புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு குலுங்கினாள். அடுத்த வெள்ளிக்கிழமை எட்டு மணி வாக்கில், ஈரத்தலையில் துண்டு சுற்றிக்கொண்டு ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டாள். "கொழந்தே, ஒங்க அத்தைகிட்ட போய் ஆச்சுன்னு சொல்லு. அவளுக்குத் தெரியும்."

அதன்பின் அதுவே என் வேலையானது. வெள்ளிக்கிழமை காலையில் தெரு முழுக்கச் சீயக்காய் மணக்கும். வெந்நீர் அடுப்புப் புகை ஓட்டுக்கு மேல் நீலமாக நிற்கும். பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரத்தில் வாசலுக்கு வாசல் என்னைக் கூப்பிட்டு "ஆச்சுன்னு சொல்லு" என்பார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. நான் ஓடி வந்து அத்தையிடம், மாமிக்கு ஆச்சு, தையல்காரம்மாவுக்கு ஆச்சு, கோடி வீட்டு மருமகளுக்கு ஆச்சு என்று ஒப்பிப்பேன். என்னால்தான் அந்தத் தெருவே நடக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை. முதல் "ஆச்சு" எப்போதும் அம்மாவுடையது. அவள் எனக்குச் சீப்பை எடுத்துக் கொடுத்துக்கொண்டே சொல்வாள்.

அத்தை மார்க்கெட்டையும் விடவில்லை. ஒரு விடுமுறை நாளில் என்னையும் கூட்டிக்கொண்டு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போனாள். அப்பா எங்களைப் பார்த்ததும் வாழைத்தார்களுக்குப் பின்னால் மறைந்துகொண்டார். சின்ன வெங்காயம் தரம் பிரிக்கும் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வெங்காயச் சருகு காற்றில் பறந்து அத்தையின் தலையெல்லாம் ஒட்டியது.

"எங்களுக்கு வெள்ளிக்கிழமை ஏது தாயி? லோடு வர்ற அன்னிக்கு மூஞ்சி கழுவவே நேரமில்ல" என்றாள் ஒரு பெண்.

"சரி அக்கா, அப்ப செவ்வாய்க்கிழமை வெச்சுக்கங்க. ஒரு சொட்டு எண்ணெய் போதும்" என்றாள் அத்தை.

அவர்கள் சிரித்தார்கள், அத்தையும் சிரித்தாள். நாளும் எண்ணெயும் வாய்க்காதவள் என்ன செய்வாள் என்றுதான் அந்தப் பெண் கேட்டாள் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. அத்தைக்கு அன்று புரியவில்லை. அம்மா கொடுத்த அந்த யோசனை அவ்வளவு பிடித்துப்போயிருந்தது அவளுக்கு.

ஆடி மாதம் அத்தை வேலைக்குத் திரும்பிப் பொன்மலை குவார்ட்டர்ஸுக்குப் போனாள். ஆவணியில் முசிறியில் இருந்த தாத்தா, அப்பாவைப் பெற்றவர், வாழைத் தோட்டத்து வரப்பில் உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

எங்கள் வீட்டில் துக்கம் காப்பது ஒரு வருடம். பண்டிகை கிடையாது. கோயில் கொடிமரம் தாண்டக் கூடாது. எண்ணெய் முழுக்கு கிடையாது. அப்பாவும் அம்மாவும் தலைக்கு வெறும் தண்ணீர்தான் விட்டுக்கொண்டார்கள். வைகுண்ட ஏகாதசிக்கு ஊரே சொர்க்கவாசலுக்குப் போனபோது நாங்கள் வீட்டில் இருந்தோம். அதிகாலையில் ஜனங்களின் காலடிச் சத்தம் மழை மாதிரி எங்கள் தெருவைத் தாண்டிப் போனது. நான் போர்வைக்குள் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மாமி மட்டும் பிரசாதத்தை மறக்காமல் கொண்டுவந்து கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமைகளில் நான் வழக்கம்போல "ஆச்சு" சேகரித்தேன். அத்தை வராத வாரங்களில் அவற்றை மனதில் வைத்திருந்து, வந்ததும் ஒப்பித்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எண்ணெய் இல்லையே, அதனால் அம்மாவுக்குக் கிடையாது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அத்தைக்கும் அது தோன்றவில்லை. அவளும்தான் அந்த வருடம் எண்ணெய் வைக்கவில்லை. ஆனால் அவளை ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

பங்குனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா குளியலறையிலிருந்து முதுகு தேய்த்துவிடக் கூப்பிட்டாள். கூரையில் பதித்த கண்ணாடி வழியாக வெயில் ஒரு தூண் மாதிரி இறங்கி, அவள் தோளில் விழுந்திருந்தது. நீராவி அதற்குள் சுழன்றது. அம்மா திரும்பாமலே என் கையைப் பிடித்து முன்பக்கம் கொண்டுபோய், அக்குளுக்குக் கீழே வைத்தாள்.

"தொட்டுப் பாரு. ஏதாச்சும் தெரியுதா?"

"வேப்பங்கொட்டை மாதிரி இருக்கும்மா."

"நகருதா?"

"இல்ல."

அம்மா என் கையை விட்டுவிட்டுச் சொம்பை எடுத்தாள்.

"அத்தைகிட்ட சொல்லட்டுமாம்மா?"

"வேணாம்" என்றாள் உடனே. "அப்பனைக் குடுத்துட்டு இப்பத்தான் அவ சோறு ஒழுங்காத் திங்கிறா. அப்பாவுக்கும் சொல்லாதே. வறண்ட கைடி இது. வறண்ட கை பொய் சொல்லும்னு அத்தையே சொல்லலையா? தாத்தா வருஷம் முடியட்டும். முதல் வெள்ளிக்கிழமை நல்லா எண்ணெய் தேய்ச்சுச் சரியாப் பார்த்துட்டு நானே சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது. என் தலையில கை வெச்சுச் சொல்லு."

ஈரத் தலை. கை வைத்தேன். சொல்ல மாட்டேன் என்று சொன்னேன்.

அம்மா அத்தை சொன்னதை நம்பாதவள் இல்லை. தெருவிலேயே அதிகம் நம்பியவள் அவள்தான். நம்பியதை அட்சரம் பிசகாமல் செய்தாள். எண்ணெய்க் கையாகப் பார்க்க வேண்டும் என்றால் எண்ணெய் வைக்கிற நாள் வரும்வரை பொறுத்திருக்க வேண்டியதுதானே என்று காத்திருந்தாள். பயமும் இருந்திருக்கும். அந்த பயத்துக்கு அத்தையின் உத்தரவு ஒரு நல்ல சாக்காக அமைந்துவிட்டது.

ஐந்து மாதம் நான் வாயைத் திறக்கவில்லை. அத்தை மாதம் ஒரு ஞாயிறு, பொன்மலைச் சந்தையில் எனக்கு ரிப்பனோ வளையலோ வாங்கிக்கொண்டு வருவாள். நான் தெருவின் "ஆச்சு"களை ஒப்பித்துவிட்டு எழுந்து ஓடிவிடுவேன். ஆடிப்பெருக்கு அன்று எங்களுக்குப் படையல் இல்லை. சும்மா வேடிக்கை பார்க்க அத்தையும் நானும் படித்துறையில் உட்கார்ந்திருந்தோம். புதுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்துப் போனது. பெண்கள் விட்ட பூவும் காதோலை கருகமணியும் எங்கள் கால்களைத் தொட்டுவிட்டு நகர்ந்தன.

"அண்ணி இளைச்சுட்டாங்களே. உடம்புக்கு ஏதாச்சும்னு உன்கிட்ட சொன்னாங்களா?"

நான் ஒரு சாமந்திப் பூ போவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது பாலத்துக்கு அடியில் போய் மறைகிறவரை பார்த்தேன்.

"இல்ல அத்தை. நல்லாத்தான் இருக்காங்க."

சத்தியத்தை மீறினால் அம்மாவின் தலை வெடித்துவிடும் என்று நம்பினேன். சிரிக்காதீர்கள், அந்த வயதில் நீங்களும் நம்பினீர்கள். அம்மாவின் உயிரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டுதான் பேசாமல் இருந்தேன்.

ஆவணியில் அப்பா முசிறிக்குப் போய்த் தாத்தாவுக்கு வருடத் திதி கொடுத்துவிட்டு வந்தார். அத்தையும் லீவு போட்டு வந்திருந்தாள். அந்த வாரத்து வெள்ளிக்கிழமை அம்மா நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சினாள். ஒரு வருடமாக இல்லாத வாசனை வீட்டுக்குள் வந்தது. அப்பா கூட மூச்சை இழுத்து, "அப்பாடா, வீடு வீடு மாதிரி இருக்கு" என்றார். நான் மட்டும் பள்ளிக்கூடம் கிளம்பாமல் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அம்மா ரொம்ப நேரம் குளித்தாள். வெளியே வந்தபோது தலையில் சீயக்காய் சரியாக அலசப்படாமல் வழிந்துகொண்டிருந்தது. நேரே அத்தையிடம் போய், "கொஞ்சம் உள்ள வாம்மா" என்றாள். இருவரும் அறைக்குள் போனார்கள். கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

கதவு திறந்ததும் அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தாள். தெருக்கோடியில் ஒரு குதிரை வண்டி சவாரி இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. அதைப் பிடிக்க ஓடினாள். ஒரு கை மார்போடு அணைந்திருக்க, மற்றொரு கை காற்றை வெட்ட, வெறுங்காலில் ஓடினாள். கோலங்கள்மேல் அவள் கால் பட்டதாகவே தெரியவில்லை. ஈரத்தலையோடு பெண்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். அத்தை ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அவ்வளவு அழகாக இருந்தது. அந்த நேரத்தில் போய் அப்படி நினைத்தேனே என்று இன்றும் வெட்கமாக இருக்கிறது.

தலை காயக்கூட விடாமல் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நானும் வண்டியில் தொற்றிக்கொண்டேன். சோதனையெல்லாம் முடிந்து முடிவு சொன்ன அன்றும் நான் கூடப் போயிருந்தேன். அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"அக்குள் வரைக்கும் போயிருக்கு. அஞ்சாறு மாசம் முன்னாடி வந்திருந்தா வேற மாதிரி பேசியிருக்கலாம். உங்களுக்குத் தெரியாததா? நீங்களே இதெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவங்க."

அத்தை வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எண்ணெய்க் கையாத்தான் பார்க்கணும்னு நான்தானே சொன்னேன்" என்று இரண்டு தடவை சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை, சுவரிடம் சொன்னாள்.

எனக்குத் தாங்கவில்லை. மாடிப்படியில் அவள் பின்னாலேயே இறங்கி, புடவையைப் பிடித்து இழுத்தேன்.

"அத்தை, எனக்குத் தெரியும். பங்குனியிலயே தெரியும். அம்மா தொடச் சொன்னாங்க. சத்தியம் வாங்கிட்டாங்க."

அத்தை அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வேற யாருகிட்ட சொன்னே?"

"யாருகிட்டயும் இல்ல."

"அப்பாகிட்ட?"

"இல்ல அத்தை."

"சரி. இனிமேலும் யாருகிட்டயும் சொல்லாதே. என்ன?"

அவிழ்ந்து தொங்கிய என் ரிப்பனைக் கட்டிவிட்டாள். ஒரு கை சரியாக எழும்பாததால் முடிச்சு கோணலாக விழுந்தது. அதோடு எழுந்து போய்விட்டாள். என்மேல் அருவருப்பு, அதனால்தான் என் வாயை அடைக்கிறாள் என்று வருடக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா அதற்குப் பின் நாலு வருடம் இருந்தாள். ஆபரேஷன், கதிர்வீச்சுக் கரண்ட் வைப்பது, முடி கொட்டுவது எல்லாம் ஆனது. நடுவில் ஒரு வருடம் நன்றாகவே இருந்தாள். அம்மாவும் நானும் அந்தக் குளியலறையைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நான் பத்தாவது படிக்கும்போது கார்த்திகை மாதம் போனாள்.

அடுத்த வருடம்தான் அத்தை நம் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். பிரேயர் ஹாலில் தரையில் உட்கார வைத்தார்கள், நினைவிருக்கிறதா? நான் மூன்றாவது வரிசை. அத்தை மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு எடுத்த எடுப்பில் சொன்னாள்.

"எங்க அண்ணிக்கு நான் தப்பாச் சொல்லிக்கொடுத்தேன். எண்ணெய்க் கையாத்தான் பார்க்கணும்னு சொன்னேன். அது என் யோசனை. வீட்ல துக்கம், எண்ணெய் வைக்கக் கூடாது. அதனால அவங்க பார்க்கல. ஒரு வருஷம் போயிடுச்சு. வீட்ல வேற யாருக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா ஓடி வந்து சொல்லியிருப்பாங்க. தப்பு முழுக்க என்னோடது. பிள்ளைங்களா, எண்ணெயும் வேணாம், வெள்ளிக்கிழமையும் வேணாம். சோப்புக் கை போதும், வெறுங்கை போதும். வித்தியாசமா எது பட்டாலும் அன்னிக்கே சொல்லிடுங்க. நல்ல நாள் பார்க்காதீங்க."

நீங்கள் சிரித்தது முதல் ஐந்து நிமிடம்தான். அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை. அம்மாவின் யோசனையைக்கூடத் தன் யோசனை என்று எடுத்துக்கொண்டாள். அதற்குப் பின் துவாக்குடியில் கல்லூரிப் பிள்ளைகளிடமும், முசிறியில் வாழைத்தோட்டத்துப் பெண்களிடமும், மார்க்கெட்டில் அதே வெங்காயக்காரப் பெண்களிடமும் அவள் அதையேதான் சொன்னாள். நாற்பது வருடம், ஒரு வார்த்தை மாறாமல் சொன்னாள். வீட்ல வேற யாருக்கும் தெரியாது.

அன்று சைக்கிள் ஸ்டாண்டில் நீங்கள் எல்லோரும் என்னைச் சுற்றி நின்றீர்கள். உங்களில் ஒருத்தி என் தோளில் கை போட்டு, "உனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா அத்தைகிட்ட ஒரே ஓட்டமாப் போய்ச் சொல்லியிருப்பேல்ல?" என்றாள். "ஆமா" என்றேன்.

போன மாதம் அத்தையைப் பார்க்கப் போயிருந்தேன். வயதாகிச் சுருங்கி, கட்டிலில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை அளவுக்குத்தான் இருந்தாள். ஆரஞ்சு உரித்துச் சுளை சுளையாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா இல்லை. அந்தத் தெருவில் அப்போதிருந்த யாரும் இல்லை. கேட்டுவிட்டேன்.

"மேடைக்கு மேடை பொய் சொன்னீங்களே அத்தை. என்னை ஏன் விட்டுட்டீங்க? என் மூஞ்சியில முழிக்கப் பிடிக்காமயா?"

அத்தை சுளையை மென்று, விதையை என் உள்ளங்கையில் துப்பினாள்.

"பைத்தியம். ஆஸ்பத்திரிப் படியில உன் மூஞ்சியைப் பார்த்தேன். இது வளர்ந்து, எங்கம்மாவைக் கொன்னது நான்தான்னு ஊர் பூரா தானே சொல்லிக்கிட்டுத் திரியும்னு தெரிஞ்சுபோச்சு. முதல்ல யாரு சொல்றாங்களோ அதுதானே ஊர்ல நிக்கும்? அதான் உன்னை முந்திக்கிட்டேன். வருஷா வருஷம் முந்திக்கிட்டே இருந்தேன்."

கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். "மூச்சு வாங்குது இப்ப" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

பதினாறு நாள் ஆகிறது. தூக்கத்திலேயே போய்விட்டாள். இனி என்னை முந்திக்கொள்ள யாரும் இல்லை, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரியும். அம்மா என் கையைப் பிடித்துத் தொடச் சொன்னாள், நான் தொட்டேன், ஐந்து மாதம் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு அப்போது பதினோரு வயது.